நான் நடாதவை

நட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டு வாசலில்
எண்பது சொல்லி அறுபதுக்குத் தந்த
பன்னீர் ரோஜா ஒன்று.
வாலிநோக்கம் வரை மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
கண்டக்டர் அதற்கு டிக்கெட் கேட்கவில்லை.
அதன் ஆயுளில் நடந்த நல்லது அது ஒன்றுதான்.
பதினோராம் நாள் கருகிவிட்டது.

பகலெல்லாம் உப்பளத்து ஆபீஸில்
லாரி லாரியாய் உப்புக்குக் கணக்கு எழுதுகிறவள்
சாயந்திரம் வந்து
ஏன் வாடுகிறாய் என்று ரோஜாவைக் கேட்டால்
அது என்ன சொல்லும்?
பதில் என் சேலைக் கரையிலேயே
வெள்ளையாய் ஒட்டியிருக்கிறது.

வீட்டுக்காரர் சீனி இபுராம்சா எட்டிப் பார்த்து
"இங்க வேலிக்கருவைதாம்மா வரும்,
அதுவும் நாம சொல்லி வராது" என்றார்.
குடம் பன்னிரண்டு ரூபாய்த் தண்ணீரை
இனி எந்தப் பூவுக்கும் தருவதில்லை என்று
தொட்டியைக் கவிழ்த்துப் போட்டேன்,
குளித்த தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரம்.

ரோஜாவோடு வந்த செம்மண்
அங்கே சிந்திக் கிடந்திருக்கிறது.
எந்த ஊர் மண்ணோ.
அதற்குள் பதுங்கி
இன்னொருத்தியும் டிக்கெட் இல்லாமல் வந்திருக்கிறாள்.
காசித்தும்பை!
முழங்கால் உயரம், தண்டுக்குள் நீர் மினுங்க,
இலைக்கக்கத்தில் எல்லாம் ரோஸ் நிறம்.
காயைத் தொட்டேன்,
வெடித்து என் மூக்குக் கண்ணாடி மேல்
விதை அடித்தது.
நான் சிரித்த சத்தத்தில்
பக்கத்து வீட்டு ஆடு திரும்பிப் பார்த்தது.

அப்புறம் கண் பழகிவிட்டது.
பூசணம் பிடித்ததென்று வீசிய முண்டு மிளகாயிலிருந்து
ஆறு செடி.
மிளகாய்ப் பூவை யாராவது
பூ என்று நின்று பார்த்திருக்கிறீர்களா?
அத்தனை சின்ன வெள்ளை,
தலை குனிந்தபடி.
காரத்தைப் பற்றி
ஒரு வார்த்தை சொல்லாது.

கேட்டுக்கு அடியில்
மணலை முழங்கையால் தள்ளிக்கொண்டு
அடப்பங்கொடி நுழைந்தது.
காலையில் ஊதாப் புனல்,
மத்தியானம் கசக்கிய காகிதம்.
அரிவாளோடு போய் நின்றேன்.
கடலே வீடு தேடி வந்தால்
காபி கொடுப்பதா, அரிவாள் காட்டுவதா?
வழியை விட்டுவிட்டு
கேட்டைப் பாதி திறந்து
பக்கவாட்டில் போய் வருகிறேன் இப்போது.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
கூரைத் தகரம் பேச்சை நிறுத்தவேயில்லை.
விடிந்து பார்த்தால்
துவைகல்லைச் சுற்றி
இருபத்து மூன்று மழை லில்லி.
இத்தனை நாள் புல் என்று நினைத்து
அதன் மேல் நின்றுதான் துவைத்திருக்கிறேன்.

வட்டம். சுத்தமான வட்டம்.
காசித்தும்பை தப்பி வரலாம், மிளகாய் விழுந்து முளைக்கலாம்,
வட்டத்துக்கு ஒரு கை வேண்டும்.
முன்னே குடியிருந்தவர் எண்ணை
இபுராம்சாவிடம் வாங்கினேன்.
மைமூன் டீச்சர், இப்போது தொண்டியில்.

"உங்க லில்லி பூத்திருக்கு டீச்சர்."
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் காற்று மட்டும்.
"எனக்கு ஏது லில்லி? நான் வைக்கலியே.
முன்ன இருந்த போலீஸ்காரர் வச்சதுன்னு
நாலு வருசமா அவருக்குல்ல
மனசுக்குள்ள நன்றி சொல்லிக்கிட்டிருந்தேன்."
பிறகு, தயங்கி,
"எத்தனை?"
"இருபத்து மூணு."
"என் காலத்துல பதினாலு" என்றார்.
வைக்க மனமில்லாமல்
இரண்டு பேரும் போனைப் பிடித்திருந்தோம்.

போலீஸ்காரர் எண் அவரிடம் இல்லை.
இருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.
"ஆமா, நான்தான்" என்று
அவர் சொல்லிவிட்டால்?

இன்று ஞாயிறு.
கல்லருகே கால் வைக்க இடமில்லை.
நாலு நாள் துணி
வாளிக்குள் உப்போடு ஊறுகிறது.